நண்டு தின்ற பிரபு

ஆனைக்காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி. அந்த ஏரிக்கு ஒரு பிரபு உண்டு. எப்போதோ ஒரு யானை ராஜா நீர்நாய்க் குடும்பத்துக்குக் கொடுத்த பட்டம் அது. தலைமகனுக்குத் தலைமகன் என்று வழிவழியாக வந்துகொண்டிருந்தது. பிரபுவுக்கு உட்கார ஒரு வழவழப்பான பாறை, தலையில் செருக ஒரு மயிலிறகு, வேளைக்கு வேளை மீன்.

பழைய பிரபு கண்ணை மூடினார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் வெண்மணி. ஏரியின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த கெட்டிக்காரி. ஆனால் பட்டம் பெண்ணுக்குப் போகாது என்பது சட்டம். சட்டதிட்டங்களைக் கட்டிக் காத்துவந்த நாரை, பங்காளி வீட்டுப் பிள்ளையைத் தேடிப் பறந்தார்.

தூரத்து வயல் வாய்க்காலில் சேந்தன் என்ற இளம் நீர்நாய் ஒரு நண்டை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது.

"நீங்கள்தான் அடுத்த பிரபு" என்றார் நாரை.

சேந்தனின் வாயிலிருந்து நண்டு நழுவியது. "நானா? நீங்க இடம் மாறி வந்துட்டீங்கபோல."

"இல்லை. உங்கள் பாட்டனாரும் காலஞ்சென்ற பிரபுவின் தகப்பனாரும் அண்ணன் தம்பி. முதலில் அந்த நண்டை விடுங்கள். பிரபுக்கள் நண்டு தின்பதில்லை."

"ஏனாம்?"

"இரண்டாம் பிரபுவின் உதட்டை ஒரு நண்டு கவ்விவிட்டது. அன்றிலிருந்து நண்டு ஆகாது. மூன்றாம் பிரபுவுக்குச் சளி பிடித்தது. அன்றிலிருந்து பிரபு காலை நனைக்கக் கூடாது."

சேந்தன் போய்ப் பாறைமேல் உட்கார்ந்தான். பாவம், நல்ல பிள்ளை. எல்லோரும் வணங்கியபோது அவனும் பதிலுக்கு வணங்கி, நாரையிடம் திட்டு வாங்கினான். தாரா வாத்துக் குஞ்சுகள் அவன் மயிலிறகைப் பிடித்து இழுத்து விளையாடின. அவனுக்கு அந்த ஏரி பிடித்துப்போயிற்று. மீன் மட்டும்தான் சலித்துவிட்டது.

ஒருநாள் வெண்மணி கவலையோடு வந்தாள். "அண்ணே, தண்ணி வத்திக்கிட்டே போகுது. மழை நல்லாத்தான் பேஞ்சுது. எங்க போகுதுன்னே தெரியல. இப்படியே போனா தாராவெல்லாம் வேற ஏரியைத் தேடிப் போயிடும்."

சேந்தன் தண்ணீரை எட்டிப் பார்த்தான். தனக்குப் பட்டம் வந்த நேரமா ஏரி வற்ற வேண்டும்? யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. நண்டு ஞாபகம்தான் வந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் நாரை ஒற்றைக் காலில் நின்றபடி கண்ணயர்ந்தார். சேந்தன் நைசாகத் தென்கரைக்கு நழுவினான். அடேயப்பா! கரை முழுக்க நண்டு வளை. ஆசை தீரத் தின்றான். பிறகு பயம் வந்தது. ஓடுகளை நாரை பார்த்துவிட்டால்? எல்லாவற்றையும் அந்தந்த வளைக்குள்ளேயே திணித்தான். மேலே சேற்றை அப்பி அழுத்திப் பூசினான். அப்புறம் தினமும் இதே வேலைதான்.

ஆனால் மீசையில் ஒட்டியிருந்த ஒரு நண்டுக்கால் காட்டிக்கொடுத்துவிட்டது.

"மானம் போயிற்று" என்று நாரை எல்லோரையும் கூட்டினார். "இவரிடமிருந்து பட்டத்தைப் பறிக்கிறேன்."

சேந்தன் தானே மயிலிறகை எடுத்துக் கீழே வைத்தான். தாராக் குஞ்சுகளைப் பார்க்கப் பார்க்க அவன் கண் கலங்கியது.

பட்டத்தைக் கொடுத்தாலும் பறித்தாலும் அதன் வரலாற்றை முதலிலிருந்து ஓத வேண்டும் என்பது வழக்கம். நாரை கண்ணை மூடி ஓதினார்: "முன்னொரு காலத்தில் நண்டுகள் கரையைத் துளைத்து ஏரி ஒழுகியபோது, அந்த நண்டுகளைத் தின்று, வளைகளைச் சேற்றால் அடைத்து, ஏரியைக் காத்த நீர்நாய்க்கு, யானை ராஜா மகிழ்ந்து அளித்த..."

சட்டென்று நின்றார். எத்தனையோ பிரபுக்களுக்கு அவரும் அவர் முன்னோரும் ஓதிய வரலாறுதான் அது. வாய் ஓதியதே தவிர, ஒருநாளும் காது கேட்டதில்லை.

வெண்மணிக்குப் பொறி தட்டியது. கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "தென்கரையில ஒரு சொட்டு ஒழுகல! வடகரையிலதான் இன்னும் ஒழுகுது."

நாரை வெகுநேரம் தொண்டையைச் செருமினார். பிறகு குனிந்து, மயிலிறகை அலகால் எடுத்துச் சேந்தனின் தலையில் செருகினார். "பிரபுவே, வடகரையிலும் கொஞ்சம் சாப்பிட முடியுமா?"

"நான் ஒருத்தன் தின்னு தீராதுங்க" என்றான் சேந்தன். "வெண்மணியும் வரட்டும். எனக்கு அப்புறம் பட்டம் அவளுக்குத்தான்னு சட்டத்தை மாத்துங்க. அவளுக்கும் பல்லு நல்லாத்தான் இருக்கு."

நாரை மாற்றினார். அண்ணனும் தங்கையும் சேற்றில் இறங்கினார்கள். ஏரி நிறைந்தது. தாராக்கள் எங்கும் போகவில்லை.

பட்டம் பிறப்பால் வந்து சேரலாம். அது எந்த வேலைக்காக வந்தது என்பதை மறந்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் இறகுதான்.