சுடலைமணியின் இரண்டு படிவங்கள்

“சுடலைமணி வேலை பாத்த எடத்துல லைட் எரியுதோ இல்லையோ, ஆள் எரியும்.”

டீக்கடையில் யாரோ ஒருவர் சொன்னார். தினத்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது சுடலைமணிதான் என்று சொன்னவருக்குத் தெரியாது.

சுடலைமணி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். நேரே டீச்சர் வீட்டுக்கு நடந்தார். ஒரு வருஷமாக அந்தத் தெருப் பக்கமே போகாதவர்.

டீச்சரின் பெயர் இன்பஜோதி. தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன் வகுப்பு எடுப்பவர். வயது முப்பத்தைந்து. சுடலைமணிக்கு ஐம்பத்து மூன்று. இருபது வருஷம் லைசென்ஸ் இல்லாமலே வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்து லைசென்ஸ் வாங்கியவர் அவர்.

போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பேருக்கும் வயரிங் வேலை. டீச்சர் ஏணியில் நின்றார். சுடலைமணி கீழே நின்றார். மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கி, பெட்டியின் மேலேயே வைத்தார். யாரோ கூப்பிட்டார்கள். வெளியே போனார்.

கிரைண்டர் ஓடவில்லையே என்று சமையல்காரர் வந்து கட்டையை மாட்டி, மெயினையும் போட்டுவிட்டார்.

டீச்சரின் இடது கையில் இரண்டு விரல்கள் இப்போது மடங்காது.

விசாரணையில் டீச்சர் நடந்ததைச் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. லைசென்ஸ் கொடுக்கும் வாரியம் சுடலைமணியின் லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்திவைத்தது.

அந்த ஒரு வருஷம் முடிந்துவிட்டது.

“வாங்கண்ணே,” என்றார் டீச்சர். “சாப்பிட்டாச்சா?”

சுடலைமணி அந்தக் கையைப் பார்க்காமல், சில நாளாகக் கூடவே மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களை நீட்டினார்.

“வாரியத்துல இருந்து வந்துருக்கு டீச்சர். லைசென்ஸைத் திரும்பக் கேக்கறதுக்கு ஒண்ணு. இனிமே வேண்டாம்னு ஒப்படைக்க ஒண்ணு. எதுன்னாலும் லைசென்ஸ் இருக்குற உங்களை மாதிரி ஒருத்தர் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரலைன்னா தானாவே ரத்தாயிரும்.”

“நீங்க எதை எழுதியிருக்கீங்க?”

“ஒப்படைக்கிறதை.”

“சும்மா இருந்தாலே ரத்தாயிருமே. அதுக்கு ஏன் இவ்வளவு தூரம் நடக்கணும்?”

சுடலைமணி தாள்களை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

“உங்ககிட்டதானே படிச்சு வாங்குனேன். உங்ககிட்டயே குடுத்துட்டுப் போகணும்னு தோணுச்சு.”

டீச்சர் தாள்களை வாங்கவில்லை.

“போன மாசம் நானும் என் லைசென்ஸைப் புதுப்பிச்சேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு எல்லா வேலையும் முடியுமான்னு டாக்டர் கேட்டார். முடியாதுன்னேன். அப்ப எது முடியும்னு கேட்டு எழுதிக்கிட்டார்.”

“எனக்குக் கை நல்லாத்தான் இருக்கு டீச்சர். பயம்தான் போகலை. வீட்டுல ஒரு பல்பு மாத்தறதுன்னாலும் பெட்டிக்கு மூணு தடவை போய்ப் பாக்கேன்.”

“மூணு தடவையா?”

“மூணு தடவை.”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்கண்ணே, ஒரு சோலி இருக்கு.”

“லைசென்ஸ் இல்லாம நான் எதையும் தொடக் கூடாதே.”

“தொட வேண்டாம். சும்மா நிக்க லைசென்ஸ் எதுக்கு?”

இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கூடம். பெண்களே நடத்துவது. பள்ளிக்கூடச் சீருடை மறுநாள் போயாக வேண்டும். மூலையில் கூரையோரம் வயர் கருகிப் புகைந்ததால், காலையிலிருந்து மெஷின் எதையும் யாரும் ஓட்டவில்லை.

டீச்சர் மெயினை அணைத்தார். பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். அதைச் சுடலைமணியின் சட்டைப் பையில் போட்டார்.

ஏணியில் ஏறினார்.

சுடலைமணி பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கை தானாக நெஞ்சுக்குப் போய்ப் பையை மூடிக்கொண்டது.

கால் மணி நேரம் போயிருக்கும். கூடத்தின் தலைவி மரியபுஷ்பம் பாதி தைத்த சட்டையோடு வந்தார்.

“அண்ணே, ஒரே ஒரு நிமிசம் அதை மாட்டுங்க. இந்தக் காலரை மட்டும் தச்சுக்கிடுதேன்.”

சுடலைமணி முடியாதென்று தலையை ஆட்டினார்.

“டீச்சர் அந்தா அந்த மூலையில நிக்காவ. இங்க மாட்டுனா அங்க நிக்கவங்களை என்ன செய்யும்?”

“கொல்லும்,” என்றார் சுடலைமணி.

மரியபுஷ்பம் சட்டையோடு திரும்பிப் போனார்.

“அந்த அண்ணன் நெஞ்சுல இருந்து கையையே எடுக்க மாட்டேங்காவளே,” என்றாள் ஒருத்தி. “நெஞ்சு வலியோ?”

“பையில தங்கம் இருக்குட்டீ,” என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். சுடலைமணி சிரிக்கவில்லை. வாசலில் யாரோ, “ஏ சுடலை!” என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

டீச்சர் மெல்ல இறங்கினார். கடைசிப் படியில் நின்று கையை நீட்டினார்.

சுடலைமணி டீச்சரின் காலைப் பார்த்தார்.

“தரைக்கு வாங்க டீச்சர்.”

டீச்சர் ஒரு காலைத் தரையில் வைத்தார்.

“ரெண்டு காலும்.”

டீச்சர் இரண்டு காலையும் தரையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் கட்டை பையை விட்டு வந்தது.

மெஷின்கள் ஓடத் தொடங்கின. அந்த மூலையிலிருந்த இரண்டு ஃபேன்கள் மட்டும் ஓடவில்லை.

“இது ரெண்டும் என்னாச்சு டீச்சர்?” என்றார் மரியபுஷ்பம்.

“அங்க வயரை முறுக்கிக் கட்ட என் விரல் பத்தலை. அந்த லைனை மட்டும் பிரிச்சு மூடி வச்சிருக்கேன். ஆபத்தில்லை. ஆனா ஓடாது.”

“எப்ப ஓடும்? இந்த மூலையில உக்காந்தா வேர்த்து ஊத்துமே.”

“அண்ணனைக் கேளுங்க.”

“ஏன், ஊர்ல வேற ஆளே இல்லையா?” என்றார் சுடலைமணி.

“இருக்காங்க,” என்றார் டீச்சர். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையிலிருந்த கரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மரியபுஷ்பம் சுடலைமணியின் பக்கம் திரும்பினார்.

“எப்பண்ணே?”

சுடலைமணி ஓடாத அந்த இரண்டு ஃபேன்களையும் அண்ணாந்து பார்த்தார். மரியபுஷ்பம் விடவில்லை.

“உங்களைத்தாண்ணே. எப்ப வருவீங்க?”

சுடலைமணி மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களையும் வெளியே எடுத்தார்.

“பேனா இருக்கா?”

“துணியில கோடு போடுற சாக்கட்டிதான் இருக்கு,” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி பைக்குள் துழாவி ஒரு பேனாவை நீட்டினாள்.

சுடலைமணி துணி வெட்டும் மேசையில் கிடந்த துண்டுகளை ஒதுக்கினார். லைசென்ஸைத் திரும்பக் கேட்கும் படிவத்தை அதில் விரித்து, முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.