கரி ஒட்டாத கட்டை

"இது எனக்கு ஒத்து வராதுங்க மேடம். வேற வேலை குடுங்க. இல்லாட்டி நான் கெளம்பறேன்."

செங்கோடனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இதற்குமுன் மூன்று பட்டறைகளில் இதையே சொல்லிவிட்டு வெளியேறியவர். ஓரிடத்தில் முதலாளி சரியில்லை. அடுத்ததில் சாப்பாடு. மூன்றாவதில் பக்கத்து மேசைக்காரன் ஓயாமல் விசிலடித்தான்.

"இங்கயும் நிக்கலைன்னா வூட்டுப்பக்கம் வராதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னால் செய்துவிடுகிறவள்.

ஆக்னஸ் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். மலைமேல் இருந்த ராணுவ அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளைச் செப்பனிடுபவள். அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பவளும் அவள்தான்.

"என்ன ஒத்து வரலை அண்ணே?"

"உரசுதுங்க. எப்படி வெச்சாலும் எங்கயாவது உரசுது."

பழகுவதற்கு, துப்பாக்கியின் இரும்புப் பகுதி உட்காரும் புது மரக்கட்டை ஒன்று கொடுத்திருந்தாள். துப்பாக்கியின் இரும்பில் விளக்குக்கரியைப் பூசி, கட்டைக்குள் அழுத்தி எடுக்க வேண்டும். மரம் முட்டுகிற இடத்தில் கரி ஒட்டும். அங்கே உளியால் மெல்ல ஒரு சீவல். மறுபடி கரி. எட்டு நாளாக இதே பாடு. கரியைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலையில நல்லாத் தோண்டி ஒரு வழி பண்ணிட்டேன். பாருங்க, ஒரு பொட்டுக் கரி ஒட்டாது."

ஆக்னஸ் இரும்பை உள்ளே வைத்துத் திருகினாள். தூக்கி ஆட்டினாள்.

கடகடவென்றது.

"இதை வெச்சுச் சுட்டா?"

"குண்டு குறிக்குப் போகாதுங்க" என்றார் செங்கோடன். வெட்கமாக இருந்தது.

அவள் அலமாரியைத் திறந்தாள். போரில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரன் ஒருவனின் துப்பாக்கி. இரும்பு தனியாக, கட்டை தனியாக. இரண்டிலும் ஒரே எண். மேலே மாட்டும் தொலைநோக்கியின் எண்ணும் கட்டையின் கழுத்தில் பதிந்திருந்தது. இதில் ஒரு சீவல் தவறினால் மாற்றுக் கட்டை கிடையாது.

"இதை நீங்க மாட்டுங்க."

"நானா?"

கரி பூசினார். அழுத்தினார். எடுத்தார்.

கட்டைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கன்னங்கரேல்.



"ஐயோ, எல்லா எடத்துலயும் உரசுதுங்களே! எங்கிருந்து செதுக்க?"

உளி கைக்கு வந்துவிட்டது. ஆக்னஸ் தடுக்கவில்லை.

"முதல்ல இரும்பை உள்ள வெச்சுத் திருகுங்க. ஆட்டிப் பாருங்க."

ஆட்டினார். சத்தமே இல்லை. பலங்கொண்ட மட்டும் ஆட்டினார். தோள்தான் வலித்தது.

"இது எத்தனை வருசம் போர்ல இருந்துச்சுங்க?"

"நாலு. எல்லா எடத்துலயும் உரசிக்கிட்டேதான் ஆடாம நின்னுச்சு. வேணும்னா செதுக்குங்க அண்ணே, உளி கையிலதானே இருக்கு. இதுலயும் கரி இல்லாம பண்ணிடலாம்."

செங்கோடன் உளியை மேசையில் வைத்தார். கடகடத்த தன் கட்டையை ஓரமாகத் தள்ளினார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"புதுக் கட்டை இன்னொண்ணு இருந்தாக் குடுங்க."