ஏரல் ஐகோர்ட்துரையின் ஒம்பது ஃபேன் கம்ப்யூட்டர்

ஏரல் ஐகோர்ட்துரைக்கு நாக்கு மட்டும் ஒரு தனி ஆள். இவன் ஒண்ணு நினைப்பான், அது வேறொண்ணச் சொல்லிட்டு வந்து வாய்க்குள்ள உக்காந்துக்கிடும். பேரைக் கேட்டுச் சிரிக்காதீங்க. அந்தப் பக்கம் அது சாமி பேரு, தெருவுக்கு ஒரு ஐகோர்ட்துரையாவது உண்டு. நம்ம ஆளு கயத்தாறுல காத்தாடி மின்சாரக் கம்பெனியில மெக்கானிக். வயசு முப்பத்தொண்ணு. வேலை சுத்தம், குடி கிடையாது, வம்பு தும்பு கிடையாது. வாயைத் திறந்தா மட்டும் புளுகு.

அந்தப் புளுகுதான் இப்ப அவனைக் கொண்டுபோய் மாட்டிவிட்டுட்டுது. தூத்துக்குடியில செல்வக்கனின்னு ஒரு பொண்ணு, கப்பல் சரக்குக்குப் பேப்பர் போடுற ஆபீஸ்ல வேலை. ஜாதகம் பொருந்திட்டுது. பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் கேம்னா உசிருன்னு தரகர் சொல்லிப்புட்டார். உடனே இவன் பயோடேட்டாவுல பொழுதுபோக்குங்கிற இடத்துல, ‘கேமிங் கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே அசெம்பிள் செய்தல்’னு எழுதிட்டான். நிசத்துல அவன் கம்ப்யூட்டர் பொட்டியைத் திறந்து உள்ள பாத்ததே இல்ல. போன்ல கேரம்போர்டு ஆடுவான், அதுலயும் தோத்துருவான்.

கனி அதைப் படிச்சுட்டு நேரா போன் போட்டா. “நானும் ஒண்ணு அசெம்பிள் பண்ணணும்னு இருக்கேன். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்னுட்டுப் பொண்ணு பாக்கதெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க, பார்ட்ஸ் எடுத்துக் குடுங்க. அங்கனயே பாத்துக்கிடுவோம்”னு சொல்லிட்டு லேசாச் சிரிச்சா. அந்தச் சிரிப்புல துரை விழுந்தவன்தான், மூணு நாளா சோறு இறங்கல. இதுக்கு முன்ன ஏழு இடம் பாத்து ஏழும் அவன் வாயாலதான் தட்டிப்போச்சு. இந்த ஒண்ணாவது போயிரக் கூடாதேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிட்டுது. வாயைத் திறக்கவே கூடாதுன்னு பஸ்ல வார வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கிட்டான்.

தூத்துக்குடி பாளை ரோட்டுல தேவசகாயம் அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடை. கனி ஒரு தாளும் பேனாவுமா ஸ்டூல்ல உக்காந்திருந்தா. பக்கத்துல அவ அண்ணன் பொன்லிங்கம். பலசரக்குக் கடைக்காரர், எதையும் எடை போட்டுத்தான் நம்புவார். வெறுங்கையோட மாப்பிள்ளை பாத்தா நல்லாருக்காதுன்னு ஒரு பொட்டி முந்திரி மக்ரூன் வாங்கிட்டு வந்து, தானே பாதியைத் தின்னுட்டு இருந்தார்.

“தம்பி, விசயத்தைச் சொல்லிருதேன்”னார். “நாலு மணிக்கு அப்பா போன் போடுவாவ. சம்மதமா இல்லையான்னு கனி அப்பவே சொல்லிரணும். தரகருக்கு வேற இடமும் கையில இருக்கு.”

சுவர்க் கடிகாரத்துல மூணேகால்.

“மொதல்ல கேபினெட்டு”ன்னா கனி. “எது எடுக்கலாம்?”

கடை முழுக்க அட்டைப்பொட்டி. அதுல எது கேபினெட்டு, எது மிக்சின்னு துரைக்குத் தெரியல. இருக்கதுலயே படம் நல்லாயிருக்க பொட்டியாப் பாத்துக் கையைக் காட்டினான். தேவசகாயம் அதை எடுத்து மேசையில வச்சார். அதோட நிறுத்தியிருக்கலாம். நாக்கு கேக்கலையே.

“இது சின்னதுதான்”னான். “எங்க வீட்டுல உள்ளது வாசப்படிக்குள்ள நுழையல. கொத்தனாரை வரச்சொல்லி முன்சுவரை இடிச்சுத்தான் உள்ள ஏத்தினோம். ஏத்தின பிறகு பாத்தா வீட்டுல நிக்க எடமில்ல. அம்மா சட்டி பானையை எல்லாம் எடுத்துக்கிட்டு கேபினெட்டுக்குள்ள குடிபோயிட்டா. இப்ப அடுப்படி அதுக்குள்ளதான்.”

பொன்லிங்கம் மக்ரூனை வாய்க்குப் பக்கத்துலயே நிப்பாட்டினார். “கரண்டு பொட்டிக்குள்ள அடுப்பா தம்பி?”

“அடுப்புன்னு தனியா எதுக்கு அண்ணாச்சி? ப்ராசசர் மேல தோசைக்கல்லைப் போட்டாப் போதும்.”

தேவசகாயம் முகத்தைத் திருப்பி அலமாரியப் பாத்துக்கிட்டார். கனி குனிஞ்ச தலை நிமிராம தாள்ல எழுதினா. “அப்ப ப்ராசசரும் நீங்களே சொல்லிருங்க. அதுக்குத் தக்கன போர்டும்.”

நீல அட்டையில ஒண்ணு பளபளன்னு இருந்துது. அதைக் காட்டினான். போர்டுக்கு செவப்பு அட்டை. ரெண்டையும் பக்கத்துல வச்சப்ப, கலியாணத்துக்குப் பட்டு எடுக்கவ சேலைக்கும் சட்டைக்கும் நிறம் பாக்கத மாதிரி தலையைச் சாய்ச்சுப் பாத்துத் திருப்திப்பட்டுக்கிட்டான். கனி பேனா ஒரு நிமிசம் நின்னுது.

“வேகம் எப்படி, உங்க ப்ராசசர்?”னு மட்டும் கேட்டா.

“வேகமா? பட்டனை அமுக்கதுக்கு முந்தியே ஆன் ஆயிரும். ஒரு நாள் கயத்தாறுல காத்தாடி உச்சியில நிக்கேன். சாயங்காலம் வீட்டுக்குப் போயி ஒரு ஆட்டம் போடலாமான்னு நினைக்கத்தான் செய்தேன். அம்மாட்ட இருந்து போன். ‘ஏல, உன் பொட்டி தானா விளையாடிட்டு இருக்கு, மூணாவது லெவலைத் தாண்டிட்டுது, நீ வரணுமா வேண்டாமா’ங்கா. நான் வீடு போயிச் சேரதுக்குள்ள கேம் முடிஞ்சு, ஜெயிச்சதுக்குக் கைதட்டலும் முடிஞ்சு போச்சு. இதுவரைக்கும் அது ஒரு தப்பு விட்டதில்ல, ஒரு பொய் சொன்னதில்ல.”

“பெறகு நீங்க எதுக்குங்கேன்”னார் பொன்லிங்கம்.

“தூசி தட்டணும்லா அண்ணாச்சி.”

இந்த இடத்துல கனி உதட்டைக் கடிச்சா. கோவமா சிரிப்பாங்கிறது துரைக்குப் பிடிபடல. போதும்டா, வாயை மூடுடான்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் கெஞ்சினான். வெளிய இருந்தவனுக்கு அது கேக்கல.

தேவசகாயம் முன்னால வந்து மேசையில முழங்கையை ஊணினார். முப்பது வருசமா இந்தக் கடையில எத்தனையோ பேரைப் பாத்தவர், இப்படி ஒரு கிராக்கிய இப்பத்தான் பாக்கார். “அவ்வளவு வேகத்துல ஓடினா சூடு தாங்காதே தம்பி. கூலருக்கு என்ன போட்டிய?”

“ஃபேன் ஒம்பது. நான் எப்பவும் ஒண்ணுலதான் வச்சிருப்பேன். போன வைகாசியில புழுக்கமா இருக்கேன்னு ஒம்பதையும் முழுசாத் தட்டிவிட்டுட்டேன். ஏரல் வாழை பூராவும் வடக்கப் பாத்துச் சாய்ஞ்சுட்டுது. கொஞ்ச நேரத்துல எங்க மேனேசர் போன் போடுதாரு. ‘துரை, கயத்தாறுல காத்தாடி அம்புட்டும் திருப்பிச் சுத்துதுடா. ஊருக்குப் போன கரண்டு எல்லாம் கம்பி வழியா நம்மகிட்டயே திரும்பி வந்துக்கிட்டு இருக்கு, எங்க கொண்டுபோயி வைக்க’ங்காரு.”

“எங்க வச்சிய?”

“அண்டா, குடம், தண்ணித் தொட்டின்னு இருந்ததுல எல்லாம் பிடிச்சு வச்சோம். இன்னும் ரெண்டு குடம் மூடிபோட்டு வச்சிருக்கு.”

பொன்லிங்கம் எந்திச்சே நின்னுட்டார். குடத்துல பிடிச்சு வைக்க கரண்டு என்ன அவர் கடை எண்ணெயா. தேவசகாயம் அவரைப் பிடிச்சு உக்கார வச்சு, இன்னொரு மக்ரூனைக் கையில குடுத்தார். “இருங்க அண்ணாச்சி, கிராஃபிக்ஸ் கார்டு பாக்கியிருக்கு. அதையும் கேட்டுருவோம்.”

கார்டுக்கு, இருக்கதுலயே நீளமான பொட்டியைத் தொட்டுக் காட்டினான் துரை. “படம் தெளிவா வருமா?”ன்னா கனி.

“தெளிவா? மீன் பிடிக்கிற கேம் ஒண்ணு போட்டேன். அலை அடிக்குது, தண்ணி தெறிக்குது. தூண்டிலைச் சுண்டி இழுத்தேன், முழ நீளச் சீலா மீன் ஒண்ணு மானிட்டர்ல இருந்து துள்ளி மடியில விழுந்துட்டுது. அம்மா அதைக் குழம்பு வச்சா.”

“குழம்பு எப்படி?”ன்னார் பொன்லிங்கம். நம்பினதாலயா, மீனுன்னதும் வாய் ஊறுனதாலயான்னு அவருக்கே வெளிச்சம்.

“உப்பு கொஞ்சம் மட்டு. அடுத்த மீனுக்கு செட்டிங்ஸ்ல கூட்டி வச்சுட்டேன்.”

கடிகாரத்துல மூணே முக்கால். கனி பேனாவை மூடிக் கையில வச்சுக்கிட்டு அவனையே பாத்தா. இவ்வளவு அழகான ஒருத்திகிட்ட இப்படி உளறிக் கொட்டுதோமேன்னு அழுகை வந்துது. அழுகையை மறைக்கப் போயி வாய் இன்னும் பெருசாத் திறந்துக்கிட்டுது.

“லைட்டைச் சொல்லலையே”ன்னான். “உள்ள கலர் கலரா லைட்டு வச்சேன். கொழும்புல இருந்து வந்த கப்பல் ஒண்ணு, இதுதான் துறைமுகம்னு நினைச்சு ஆத்துல ஏறி நேரா ஏரல் பாலத்துக்குப் பக்கத்துல வந்து நங்கூரம் போட்டுட்டுது. கேப்டன் இறங்கி எங்க வீட்டுக் கதவைத் தட்டி வழி கேக்காரு. அம்மா காப்பி போட்டுக் குடுத்து, தூத்துக்குடி பஸ்ஸு பின்னாலயே போங்கன்னு அனுப்பி வச்சா.”

கப்பல்னதும் கனி தொண்டையைச் செருமினா. தினமும் கப்பல் பேப்பர்லயே கிடக்கவ. “அந்தக் கம்ப்யூட்டர் இப்ப எங்க இருக்கு? வீட்டுக்கு வந்தாப் பாக்கலாமா?”

துரைக்குச் சுருக்குன்னுது. வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தால்லா காட்டதுக்கு. நாக்கு அதுக்கும் தயாரா இருந்துது.

“இப்ப இல்ல. ஆடி மாசம் தூசி தட்டணும்னு பொட்டியைக் கவுத்து வச்சுட்டேன். ஃபேன் ஒம்பதும் தரையைப் பாத்து ஊத ஆரம்பிச்சுட்டுது. கூரை ஓட்டைப் பிரிச்சுக்கிட்டு அப்படியே மேல ஏறிப் போச்சு. அம்மா நல்லவேளை கடைக்குப் போயிருந்தா.”

“எந்தப் பக்கமாப் போச்சு?”

“வடகிழக்க. தூத்துக்குடி பக்கமாத்தான்.”

“நேரம்?”

“சாயங்காலம் அஞ்சரை இருக்கும்.”

“அப்ப சரிதான்”னா கனி. தாளை மடக்கி மடியில வச்சுக்கிட்டா. முகத்துல ஒரு சின்னச் சிரிப்புகூட இல்ல. “அது எங்க மொட்டை மாடியிலதான் இறங்குச்சு. அம்மா காயப்போட்டிருந்த வத்தல் பூராவும் நொறுங்கிப் போச்சு.”

“எப்ப?”ன்னார் பொன்லிங்கம், ஆடிப்போயி.

“நீங்க அப்ப கடையில இருந்திய அண்ணே.” கனி துரையைப் பாத்தே பேசினா. “வயர் சொருகல, ஒண்ணும் பண்ணல. அதுவா ஆன் ஆச்சு. நீ யாரு பொட்டின்னு கேட்டேன். ஏரல் ஐகோர்ட்துரையோடதுன்னுச்சு. உங்க பயோடேட்டா கையில இருந்துதுலா, நல்லதாப் போச்சுன்னு உக்காந்து விசாரிச்சேன். ஆளு குடிப்பாரான்னேன். தொட மாட்டாருன்னுச்சு. வேலைன்னேன். மழையோ காத்தோ, நாலு பனைமர உயரத்துல தைரியமா நிப்பாருன்னுச்சு. அம்மாவை எப்படி வச்சிருக்காருன்னேன். கண்ணுல வச்சுப் பாக்காருன்னுச்சு. சரி, உன்னை அசெம்பிள் பண்ணினது அவர்தானான்னு கேட்டேன்.”

கனி நிறுத்தினா.

“என்ன சொல்லுச்சு தாயி?”ன்னார் தேவசகாயம்.

“அந்த ஆளு இன்னைக்கு வரைக்கும் என் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட்டதில்லன்னு சொல்லுச்சு.” துரையைப் பாத்து மெல்லக் கேட்டா. “நீங்கதான அது ஒரு பொய் சொன்னதில்லன்னிய. இப்ப சொல்லுங்க. பொய் அது சொல்லுச்சா, நீங்க சொன்னியளா?”

துரைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. பொட்டி பொய் சொல்லுச்சுன்னா இவன் சொன்னது பொய். பொட்டி நிசம் சொல்லுச்சுன்னா பயோடேட்டா பொய். அப்படி ஒரு பொட்டியே இல்லன்னா இந்த அரை மணி நேரமும் பொய். பொறந்ததுல இருந்து முத தடவையா நாக்கு அசையல. அது அசையாம கிடந்த அந்த நேரத்துல, மனசு சந்துல புகுந்து பேசிட்டுது.

“அது உள்ளதைத்தான் சொல்லியிருக்கு”ன்னான். “எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒரு எழவும் தெரியாது. அட்டை நிறத்தைப் பாத்துத்தான் எடுத்தேன். உங்களுக்குப் பிடிக்குமேன்னு அப்படி எழுதிட்டேன். போன்ல உங்க குரலைக் கேட்ட பெறகு இல்லன்னு சொல்ல மனசு வரல. மன்னிச்சிருங்க.”

சொல்லிட்டு எந்திச்சான். எட்டாவது இடமும் போச்சுன்னு வாசலைப் பாத்து நடந்தான். அந்த நேரம் பாத்து பொன்லிங்கம் போன் அடிச்சுது. அப்பா.

கனி அதைக் கவனிக்காதவ மாதிரி தேவசகாயத்துக்கிட்ட திரும்பினா. “அண்ணாச்சி, இவிய எடுத்த ப்ராசசர் இந்த போர்டுல உக்காராது. கார்டு அந்தப் பொட்டிக்குள்ள நுழையவே நுழையாது. எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சிருங்க. எனக்கு வேண்டியது இந்தத் தாளுக்குப் பின்பக்கம் இருக்கு, நேத்தே எழுதிட்டேன்.”

“அப்பாட்ட என்னட்டி சொல்ல?”ன்னார் பொன்லிங்கம், போனைப் பொத்திக்கிட்டு.

“சம்மதம்னு சொல்லுங்க.”

வாசல் வரைக்கும் போன துரை அப்படியே நின்னுட்டான்.

“ஏட்டி கனி, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா? ஒத்தப் பார்ட்ஸு ஒழுங்கா எடுக்கத் தெரியல, வாயைத் திறந்தா கப்பலு, மீனுங்கான். இவனைக் கட்டிக்கிட்டு என்ன செய்யப் போற?”

கனி பேனாவை எடுத்துப் பைக்குள்ள போட்டா.

“கேம் நடுவுல கரண்டு போயிரும்லா அண்ணே. அது திரும்பி வாரது வரைக்கும் பொழுது போகணும்லா.”