இருபுறமும் கறுப்பு

இந்தக் கதையைப் பல ஆண்டுகளாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் தங்கசாமி. பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் சந்தேகம் இன்னும் தொல்லை செய்தது.

அவர் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் பழைய படங்களை ஒளிபரப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். வேலையைக் கற்றுக்கொடுத்தவர் மரியபுஷ்பம். அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் தங்கசாமிக்கு அவர் டீச்சர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. அதில் தங்கசாமியின் அக்கா பேச்சியம்மாள் இரண்டு நிமிடம் கரகம் ஆடுகிறார். அவர் தலைகாட்டிய ஒரே படம். ஞாயிறு காலை ஒளிபரப்பு.

பழைய படம் ஏறக்குறையச் சதுரம். இப்போதைய டிவி அகலம். அப்படியே போட்டால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும்.

"பெரிய டிவி வாங்கினவன் கறுப்பைப் பார்க்கவா வாங்கினான்? பட்டை தெரிஞ்சா திங்கட்கிழமை வேலைக்கு வராதே" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

தங்கசாமி படத்தைப் பக்கவாட்டில் இழுத்தார். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"யாருண்ணே இது? பூசணிக்காய் மேல பூசணிக்காய்?"

"எங்க அக்கா, டீச்சர்."

"ஐயோ. அப்பவே இவ்வளவு குண்டா?"

"கொடி மாதிரி இருக்கும். நான்தான் இழுத்துட்டேன்."

இழுப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். திரை நிரம்பியது. மேலும் கீழும் வெட்டுப்பட்டது. மேலே நகர்த்தினால் தலையில் கரகம் இருந்தது, கால் இல்லை. கீழே நகர்த்தினால் சலங்கை கட்டிய கால் இருந்தது, கரகம் இல்லை.

அப்போது கம்பம் ஊரிலிருந்து அக்காவின் ஃபோன்.

"தம்பி, தெருவையே கூப்பிட்டிருக்கேன். இந்த முழங்காலை வச்சுக்கிட்டா ஆடினீங்கன்னு மருமக சிரிக்கிறா. ஞாயித்துக்கிழமை பார்க்கட்டும்."

ஃபோனை வைத்துவிட்டுத் தங்கசாமி கேட்டார்.

"டீச்சர், கரகத்தை விடவா, காலை விடவா?"

"ரெண்டையும் வச்சுப் போடுங்க."

"கறுப்பு தெரியுமே?"

டீச்சர் படத்தை வெட்டாமல் ஓடவிட்டார். இருபுறமும் பட்டை விழுந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். டியூப்லைட்டை அணைத்தார்.

அக்கா ஆடினார். கரகத்தின் உச்சியில் இருந்த கிளி முதல் சலங்கை வரை முழுதாக ஆடினார். ஆட்டம் முடிந்தது.

"கறுப்பு எங்கே, அண்ணே?"

தங்கசாமி எழுந்து விளக்கைப் போட்டார். படத்தை அப்படியே ஒளிபரப்புக்கு அனுப்பினார்.

ஞாயிறன்று கம்பத்தில் மருமகள் சிரிக்கவில்லையாம். திங்கட்கிழமை தங்கசாமிக்கு வேலை இல்லை. இவற்றில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் அந்த ஜன்னலில்தான். என் வீட்டிலும் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துப் பழைய படங்களைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். பட்டை மறைவதே இல்லை. இருட்டில் அது சாம்பல் நிறத்தில் லேசாக ஒளிர்கிறது. ஒருமுறை, படம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன படம் என்பது இப்போது நினைவில்லை.

சென்ற மாதம் தங்கசாமியைச் சந்தித்தபோது ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

"அக்கா ஆடினப்போ, நீங்க ஓரத்தைப் பார்த்தீங்களா?"

"எந்த ஓரம்?" என்று கேட்டார் தங்கசாமி.