ஜெயித்தவருக்கு முதல் தாம்பூலம்

மருதூர் மன்னன் போரில் தோற்றான், மந்திரிகள் ஓடிவிட்டார்கள். வென்ற மூன்று அரசர்களும் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, மருதூரின் ஒரே ஏரியை மூன்றாகப் பங்கிட ஓலை எழுதினார்கள். அதில் முத்திரை வைக்க, தனக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் ஆவுடையானை அனுப்பினான் மன்னன். ஏரி போனால் ஊரே போயிற்று என்பது ஆவுடையானுக்குத் தெரியும்.

"மருதூரில் வேறு ஆளே இல்லையா? வெற்றிலை மடிக்கிறவனா சமாதானம் பேச வந்தான்?" என்று சிரித்தார் வடகரை அரசர். "பொழுது சாய்வதற்குள் முத்திரை வை. இல்லாவிட்டால் ஊரைக் கொளுத்துவோம்."

"வைக்கிறேன் மகாராஜா. ஜெயித்தவருக்கு முதல் தாம்பூலம் கொடுத்த பிறகுதான் முத்திரை வைப்பது எங்கள் வழக்கம். ஜெயித்தது யார் என்று சொன்னால் கொடுத்துவிடுவேன்."

வடகரையார் கையை நீட்டினார்.

"கையை மடக்கும்! கோட்டைக் கதவை உடைத்தது என் யானை" என்றார் தென்மலையார்.

"அந்த யானைக்கும் தீனி போட்டது நான்!" என்று எழுந்தார் கீழ்க்கோட்டையார்.

முதல் மரியாதை என்றால் சும்மாவா? வாள்கள் பாதி உறையை விட்டு வந்தன. மூவரும் முறைத்துக்கொண்டு தத்தம் கூடாரத்துக்குப் போனார்கள்.

மாலைக்குள் மூவருமே ரகசியமாக ஆவுடையானைக் கூப்பிட்டனுப்பினார்கள். "ஏரி உங்களிடமே இருக்கட்டும் அப்பா. அந்த இரண்டு பேர் மட்டும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் என் படை வரும். எழுதியே தருகிறேன், முத்திரை வை" என்றார் ஒவ்வொருவரும்.

ஆவுடையான் மூன்று ஓலைகளிலும் பணிவாக முத்திரை வைத்தான். மறுநாள் படைகள் ஆளுக்கொரு வழியில் திரும்பின. மன்னன் மூன்றையும் சேர்த்துப் படித்தான். ஏரியைத் தொட எந்த அரசருக்கும் உரிமை இல்லை. அதைக் காக்க மட்டும் மூன்று படைகள் இருந்தன.