அலமாரிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

தேனியில் கல்யாண வீடியோ கடை வைத்திருந்த தங்கமாரியப்பனுக்குத் தன் அறையில் எந்நேரமும் ஏசி ஓடணும். உழைக்கிற பழைய கம்ப்யூட்டரை மட்டும், தூசி படும் என்று மூன்று வருஷமாக அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்.

ஒருநாள் வாடிக்கையாளர்கள் எதிரிலேயே, எடிட்டிங் செய்கிற பூங்கோதையிடம் கத்தினார். "அடுத்த கடைக்காரன் இதே பழைய மெஷினுக்கு வேகம் ஏத்திட்டான். சாயங்காலத்துக்குள்ள நீயும் ஏத்து. முடியலைன்னா நாளைக்கு வராதே."

"இப்பவே தொண்ணூறு டிகிரி கொதிக்குது முதலாளி. அதோட ஃபேன் சுத்தியும் உள்ளே காத்து இல்லை. ஏத்தினா கருகிரும்."

"சாக்குச் சொல்லாதே."

பூங்கோதை அலமாரிக் கதவைப் படாரென்று திறந்தாள். "சரி, இதை வெளியே எடுத்துடறேன். நீங்க உள்ளே நின்னு நூறு தோப்புக்கரணம் போடுங்க. நான் கதவைச் சாத்திக்கறேன்."

"விளையாடுறியா? மூச்சு முட்டிச் செத்துருவேன்."

"இதுக்கு வாய் இல்லை. இருந்தா மூணு வருஷம் முன்னாடியே இதைத்தான் சொல்லியிருக்கும்."

வாடிக்கையாளர்கள் அவரையே பார்த்தார்கள். பூங்கோதை கம்ப்யூட்டரை முதலாளியின் ஏசி அறை மேஜையில் வைத்தாள். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவதும் சூட்டைப் பார்ப்பதுமாக இருந்து, எழுபது டிகிரியில் நிறுத்தினாள். வேலை விறுவிறுவென்று ஓடியது.

"அப்போ நான் எங்கே உட்கார?" என்றார் முதலாளி.

"அலமாரி காலியாத்தானே இருக்கு" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.