எட்டுப் போடாமலே ஃபெயில்

எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. மைதானத்தில் பைக்கில் எட்டுப் போட்டுக் காட்டினால்தான் லைசென்ஸ். நடுவில் காலைத் தரையில் ஊன்றினால் ஃபெயில். இன்ஸ்பெக்டர் தணிகாசலம் மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனில் சீட்டு ஆடிக்கொண்டே, "கால் ஊனிட்ட, ஃபெயில்" என்பார். தலை மட்டும் நிமிராது.

பவுனுத்தாய் அப்படி மூன்று தடவை ஃபெயில். திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் வாங்காவிட்டால் கிடைத்த கூரியர் வேலை போய்விடும்.

நான்காவது தடவை பெயரைக் கூப்பிட்டதும் அவள் வண்டியைத் தொடவே இல்லை. இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டு மரத்தடிக்குப் போனாள்.

"சார், என் ரிசல்ட்?"

"கால் ஊனிட்ட. ஃபெயில்."

"எங்க சார் ஊனுனேன்?"

"ரெண்டாவது வளைவுல, இடது கால். என் கண்ணுக்குத் தப்புமா?"

பவுனுத்தாய் கையை நீட்டிக் காட்டினாள். கேட்டுக்குப் பக்கத்தில் அவள் வண்டி ஸ்டாண்டு போட்டபடியே நின்றது. சாவி அவள் விரலில் தொங்கியது.

"வண்டியை இன்னும் எடுக்கவே இல்லையே சார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தணிகாசலம் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சரிம்மா, பாஸ் போட்டுடுறேன். கிளம்பு."

"வேணாம் சார், ஓட்டியே காட்டுறேன். ரெண்டாவது வளைவை மட்டும் நல்லாப் பாத்துக்குங்க."

எட்டு முடியும்வரை அவள் கால் தரையில் படவில்லை, இன்ஸ்பெக்டர் கண்ணும் இமைக்கவில்லை. பாஸ்.